மங்கல் படங்கள்

நான் முதலில் திட்டியது அந்த மென்பொருளைத்தான். கோதாரி பிடித்தது, பாழாய்ப் போனது, என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டது என்று தனியே இருந்து வாய் ஓயும்வரை திட்டினேன். இப்போது நினைத்தால் அதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அது தனக்குச் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். சொன்னது யார் என்று தெரிய வந்தபோது என்னிடம் திட்டுவதற்குச் சொல் மிச்சம் இருக்கவில்லை.

முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் நான் வேலை செய்கிறேன். புத்தகங்களுக்கு இலக்கம் போடுவதும், அடுக்குவதும், வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதும் என் தொழில். வீட்டிலும் அப்படித்தான். குசினியில் மிளகாய்த்தூள் போத்தல் இடம் மாறினால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணம் கட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அண்ணை வெளிநாடு போய் முப்பது வருடத்துக்கு மேல். அங்கேயே கட்டி, அவருக்கு ஒரு மகள். எங்கள் இருவருக்கும் இளையவள் என் தங்கச்சி. அவள் இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் காயக்காரருக்குக் கட்டுப் போட்டவள். கடைசிச் சண்டையில் ஒரு நாள் காலை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

வன்னிச் சனத்தின் படங்கள் வன்னியில் இல்லை. இதை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். பெண் பிள்ளை பெரிசான சாமத்தியவீடோ கல்யாணமோ எதுவாக இருந்தாலும், அந்தக் காலத்தில் படம் கழுவக் கொடுக்கும்போது இரண்டு பிரதி போடச் சொல்வோம். ஒன்று வீட்டு அல்பத்துக்கு. மற்றது கடிதத்தோடு வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்கு. வீட்டு அல்பங்கள் ஓடின ஓட்டத்தில் போய்விட்டன. கடிதத்தோடு போனவை எங்கோ குளிர் நாட்டில் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் பத்திரமாக இருந்தன. கைத்தொலைபேசியில் இணையம் வந்த பிறகு அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. அண்ணை நினைத்தால் ஒரே நாளில் நாற்பது அனுப்புவார். பிறகு இரண்டு மாதம் சத்தமே இருக்காது. சித்தியின் பிள்ளைகள் அனுப்பினார்கள். என்னோடு படித்தவர்கள் அனுப்பினார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள் சேர்ந்துவிட்டன.

சேர்ந்ததுதான், ஆனால் என்ன கூத்து! எல்லாப் படத்திலும் திகதி என்று இருந்தது அது எனக்கு வந்து சேர்ந்த நாள். அம்மாவின் கல்யாணமும் அண்ணையின் மகளின் முதலாவது பிறந்தநாளும் ஒரே செவ்வாய்க்கிழமை நடந்திருந்தன. அப்பா தன் செத்தவீட்டுக்குப் பிறகு அரைக்காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போனார். ஒரே படம் ஆறு பேரிடமிருந்து ஆறு தரம் வந்து கிடந்தது. புத்தகம் ஒன்று தலைகீழாக நின்றாலே பொறுக்காத எனக்கு, சொந்தக் குடும்பம் இப்படிக் குப்பையாகக் கிடந்ததைப் பார்க்க விசர் பிடித்தது.

ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். விலை குறைவாக இருக்க வேண்டும். இணையம் விட்டு விட்டு வரும் ஊரிலும் வேலை செய்ய வேண்டும். பெயரைத் தமிழில் எழுத விட வேண்டும். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்க வேண்டும். கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனேன். அங்கே கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி முல்லைத்தீவு முஸ்லிம் ஆள். இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னபோது சின்னப் பிள்ளையாகக் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், வளர்ந்து திரும்பி வந்தவர். என் மடிக்கணினியும் அவரிடம் பழையதாக வாங்கியதுதான்.

அவர் முதலில் போட்டுத் தந்தது சும்மா கிடைக்கும் ஒரு மென்பொருள். நல்லாகத்தான் இருந்தது. தமிழில் பெயர் எழுதினால் மட்டும் அதற்கு ஆகவில்லை. அம்மாவின் பெயர் ஐந்து சதுரப் பெட்டிகள், அப்பாவின் பெயர் ஆறு சதுரப் பெட்டிகள். அதைச் செய்த ஆட்களே அதைக் கைவிட்டுப் பல காலமாம். இரண்டாவது, "முற்றிலும் இலவசம்" என்று பெரிதாக எழுதியிருந்த ஒன்று. ஒரு மாதம் தேனாக ஓடியது. அடுத்த நாள் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே, வாங்கினால்தான் இது போகும் என்று முத்திரை குத்தியிருந்தது. அம்மாவின் நெற்றியில், விபூதிக்கு மேலே. அன்றைக்கு நான் பேசிய பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் போனது.

மூன்றாவது மிகவும் நல்லது. ஆனால் மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். என் வங்கி அட்டையை அது ஏற்கவுமில்லை.

"கட்டாமல் விட்டா என்ன செய்வாங்கள் தம்பி?"

"பூட்டிப் போடுவாங்கள் அக்கா. கட்டினாத் திறப்பாங்கள்."

"என்ரை அம்மாவைப் பாக்க நான் வாடகை குடுக்கிறதோ? நல்ல கதை."

அவர் சிரித்தார். நான் குரலைத் தணித்து, அந்த மென்பொருளுக்குக் களவுப் பிரதி ஏதும் இல்லையோ என்று கேட்டேன்.

"நூலகத்திலை இருந்துகொண்டு கேக்கிற கேள்வியே அக்கா இது?" என்றார். "அதுக்குள்ளை வைரஸ் வரும். இருக்கிற படமும் போயிடும். நான் போட மாட்டன்."

பிறகு மேசைக்குக் கீழே இருந்து பாவித்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஒருமுறை மட்டும் காசு கொடுத்து வாங்கும் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுத் தருகிறேன், படங்களைக் கணினியில் ஒன்று, இதில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள் என்றார். "எங்கடை வீட்டிலை ஒரு பழைய படமும் இல்லை அக்கா. வெளிக்கிடச் சொன்ன நேரம் உம்மா சட்டி பானையை எடுத்தவ, அல்பத்தை எடுக்கேல்லை. வாப்பா இளந்தாரியா இருக்கேக்கை எப்பிடி இருந்தவர் எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டு இடத்திலை வையுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த மாதம் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை அழைத்தபோது இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார், "விசரி, இதுக்கே இவ்வளவு அலைச்சல்? நான் குடும்பத்துக்கு ஒண்டு எடுக்கிறன். நான், மனிசி, மகள், நீ எண்டு நாலு பேரின்ரை போனுக்குள்ளையும் வரும். காசை நான் கட்டுறன். நீ இருந்து அடுக்கு. உன்னை விட்டா ஆர் அடுக்கிறது?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. காசுக்காக அல்ல. உன்னை விட்டால் யார் என்று என்னை யாரும் கேட்டுக் கனகாலம். அடுத்த நாள் நூலகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணை செய்ததைச் சொன்னேன். புதுக்குடியிருப்புக்கு அழைத்து, ஹார்ட் டிஸ்க் வேண்டாம் தம்பி, அண்ணை இருக்கிறார்தானே என்றேன். "சரியக்கா" என்றார். 

அண்ணை எடுத்தது சின்னத் திட்டம்தான், இவ்வளவு படம் என்று அளவு வைத்தது. நான் இரட்டித்த படங்களைத் துடைத்து இடம் பிடித்தேன். எட்டு மாதம், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு அதில்தான் இருந்தேன். வருடம் தெரியாத படத்துக்கு, சட்டைத் துணியைப் பார்த்து, மதிலின் நிறத்தைப் பார்த்து வருடம் கண்டுபிடித்தேன். மென்பொருளும் சும்மா இருக்கவில்லை. இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவரும் இவரும் ஒருவரா என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். பன்னிரண்டு வயதுத் தங்கச்சியையும் பன்னிரண்டு வயது என்னையும் வைத்துக் கேட்டது. இல்லை என்றேன். அப்பாவையும் அண்ணையையும் வைத்துக் கேட்டது. இல்லை. தங்கச்சியையும் அண்ணையின் மகளையும் வைத்துத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு அப்படியே தங்கச்சியின் முகம். நான் ஒவ்வொரு தரமும் இல்லை, இல்லை என்று அமத்தினேன். ஒவ்வொரு தரமும் எனக்கு உள்ளே ஒரு மாதிரி இருக்கும்.

இனிப் பன்னிரண்டு படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை அண்ணை அனுப்பியவை அல்ல. தங்கச்சி இயக்கத்துக்குப் போன பிறகு எடுத்தவை. அவளுடைய சின்ன வயதுப் படங்கள் வெளிநாட்டில் இருந்து வந்தன, பதினாலு வயது வரைக்கும். வளர்ந்த பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்தது அந்தப் பன்னிரண்டு மட்டும்தான். இயக்கத்தின் உடுப்போடு நிற்கிற படங்களை யாரும் கடிதத்தில் வைத்து அனுப்பவில்லை. இடம்பெயரும்போது கொண்டு போகவும் பயம். வீட்டு அல்பத்தைத் தூக்கிக்கொண்டு, அவற்றைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியில் மெழுகுதிரி உருக்கி ஊற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனேன். அல்பம் நந்திக்கடல் தண்ணீருக்குள் போனது. திரும்பி வந்து தோண்டினேன். போத்தல் அப்படியே இருந்தது. ஒரு படத்தில் அவள் எனாமல் கோப்பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ என்னவோ பகிடி விட்டிருக்க வேண்டும், கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.

வருடக்கணக்காக அவற்றை அலுமாரித் தட்டின் கடதாசிக்குக் கீழே வைத்திருந்தேன். ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு இரண்டு பேர் வந்து, இந்த வீட்டில் யார் யார் இருந்தது, யார் இப்போது இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதை அண்ணைக்குச் சொன்னேன். படங்கள் இருக்கிறதையும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

"உதுகளை வீட்டிலை வைச்சுக்கொண்டு இருக்கிறியே? உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சோ?" என்று கத்தினார். பிறகு தணிந்து, "போனிலை எடுத்து உதுக்குள்ளை ஏத்திப் போட்டுக் கடதாசியை எரிச்சுவிடு பிள்ளை. இஞ்சை பத்திரமா இருக்கும். நான் இருக்கிறன்தானே" என்றார்.

ஏற்றினேன். அல்பத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். தங்கச்சியின் பெயரை வைக்க என் கை வரவில்லை. எங்களுக்கெல்லாம் இது ஊறிப்போன பழக்கம். பெறுமதியானதுக்குப் பெறுமதி இல்லாத பெயரைத்தான் வைப்போம். தாலிக்கொடி தவிட்டுப் பையில் இருக்கும், காணி உறுதி பழந்துணி மூட்டையில் இருக்கும். நூலகத்திலும் யார் கையிலும் படக்கூடாத பதிவேடுகளை, "கிழிந்தவை, கட்டக் கொடுக்க வேண்டியவை" என்று எழுதிய தட்டில்தான் நான் வைத்திருந்தேன். எத்தனை பேர் வந்து தேடியும் அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. அந்த நினைப்பில் அல்பத்துக்கு "மங்கல் படங்கள்" என்று பெயர் வைத்தேன். வேறு யாராவது திறந்தாலும் குப்பை என்று விட்டுவிடுவார்கள்.

பிறகு குசினி அடுப்பில் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக வைத்தேன். படத்தாள் சுருண்டு சுருண்டு எரியும். கோப்பைப் படத்தைக் கடைசியாக வைத்தேன். இதை யாரும் எனக்குச் செய்யவில்லை, என் கைதான் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நானும் பொய் சொன்ன ஆளாகிவிடுவேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மென்பொருள் என்னிடம் கேட்டது: உங்கள் படங்கள் எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிட்டன, தொலைபேசியில் உள்ள பிரதிகளை நீக்கி இடம் பிடிக்கவா? என் தொலைபேசி நிரம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆம் என்று அமத்தினேன்.

தங்கச்சியின் பிறந்தநாள் அன்று பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அந்த அல்பம் இல்லை. பெயர் மாறியிருக்குமோ என்று எல்லா அல்பத்தையும் திறந்தேன். இல்லை. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தேன். எனக்கு அது மனப்பாடம். சரியாகப் பன்னிரண்டு குறைந்திருந்தது. துடைத்தவை ஒரு மாதம் கிடக்கும் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். அது துப்புரவாக இருந்தது.  அப்போதுதான் அந்த மென்பொருளைத் திட்டத் தொடங்கினேன்.

விடிந்ததும் நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்குடியிருப்புக்குப் போனேன். தம்பி தோண்டித் துருவிப் பார்த்தார். பிறகு மென்பொருள்காரருக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதித் தந்தார். ஐந்தாம் நாள் பதில் வந்தது. கடைக்குக் கொண்டு போனேன். அவர் ஒருமுறை தனக்குள் வாசித்தார். பிறகு எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, இது தானா அழியேல்லையாம். ஒரு போனிலை இருந்து அழிச்சிருக்கு. அடுத்த நிமிசம் அதே போனிலை இருந்து குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கியிருக்கு. இனித் தங்களாலையும் எடுக்கேலாதாம்."

"எந்தப் போன்?"

அவர் போனின் வகையை வாசித்தார். அண்ணை போன தைப்பொங்கலுக்கு வாங்கி, எனக்குக் காட்டிப் பெருமையடித்த அதே போன். அழிந்த நேரமும் இருந்தது. அந்த நேரம் இங்கே நான் நூலகத்தில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு அண்ணைக்கு அழைத்தேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணை, மங்கல் படங்கள் எண்டு ஒரு அல்பம் கிடந்தது. காணேல்லை."

"எது? ஓ, அதோ. இடம் நிரம்புது எண்டு சொன்னது பிள்ளை. மங்கல் எண்டு நீதானே போட்டிருந்தாய். குப்பையாக்கும் எண்டு துடைச்சுவிட்டன்."

நான் அதை நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் முழுக்க நம்பினேன். பிழை என்னுடையது, நான் வைத்த பெயர்தான் அவளைக் கொன்றது என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனேன்.

"திறந்து பாக்கேல்லையோ அண்ணை?"

"நான் ஏன் அதைத் திறக்கிறன்?"

"அதுக்குள்ளைதான் தங்கச்சியின்ரை படங்கள் இருந்தது. எரிக்கச் சொன்னியளே, அதுகள்."

 அவர் பெருமூச்சு விட்டார். "போனது நல்லதுக்கெண்டு நினை. உனக்கும் நல்லது, இஞ்சை பிள்ளைக்கும் நல்லது. அந்தக் கோப்பைப் படத்திலை எங்கடை பிள்ளையின்ரை பேரெல்லோ விழுந்து கிடந்தது."

கோப்பைப் படம். திறந்து பார்க்காத மனிசனுக்குக் கோப்பை எப்படித் தெரியும்? அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"அண்ணை, நீங்கள் திறந்து பாத்தனீங்கள்."

பிறகுதான் எல்லாம் வந்தது. அந்த மென்பொருள் என்னைக் கேட்காமல், தங்கச்சியின் முகத்தை அண்ணையின் மகளின் முகம் என்று தானே முடிவு கட்டி, அந்த உடுப்போடு சிரிக்கிறவளுக்குக் கீழே மகளின் பெயரைப் போட்டுவிட்டது. மகள் அங்கே அரசாங்க வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். "இஞ்சை எல்லாத்தையும் தோண்டிப் பாப்பாங்கள். அவளின்ரை எதிர்காலம் என்ன ஆகிறது? தகப்பன் எண்டு நான் வேறை என்ன செய்யிறது?"

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ விட்டிருப்பியே?"

"விட்டிருப்பன். என்ரை கணினிக்குள்ளை எடுத்துப்போட்டு, பேரையும் அழிச்சு, நானே உங்களிட்டை இருந்து துடைச்சிருப்பன். எனக்கு ஒரு நாள் தந்திருந்தாக் காணும் அண்ணை. பத்து நிமிசம் காணும். கடதாசியை எரிக்கச் சொன்னதும் நீங்கள். பத்திரமா இருக்கும் எண்டதும் நீங்கள். குப்பைத்தொட்டியைக்கூட விட்டு வைக்கேல்லையே!"

"அவள் போய் எவ்வளவு காலம் பிள்ளை. படத்தை வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாய்?"

நான் அழைப்பைத் துண்டித்தேன். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பயத்தோடு படுத்துப் பயத்தோடு எழும்பிய ஆள் நான். பயந்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் செய்துவிட்டு, பிறகு என் அல்பத்தின் பெயரையே எடுத்து என் தலையில் பழியைக் கட்டப் பார்த்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் கேட்காமல் விட்டிருந்தால், சாகும்வரை நானே என் தங்கச்சியைத் தொலைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவரும் நினைக்க விட்டிருப்பார்.

அடுத்த கிழமை புதுக்குடியிருப்புக்குப் போய் அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். தம்பி அதை விற்காமல் வைத்திருந்தார். மிச்சம் இருந்த எல்லாப் படங்களையும் அதற்குள் இறக்கித் தந்தார். நான் சொன்னேனே அக்கா என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடைக்குள்ளேயே அழுதிருப்பேன். அதைத் துவாயில் சுற்றி, அலுமாரியில் வைத்து, "படங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். வேறு பெயர் வைக்கவில்லை.

அண்ணையோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைப்பார், நான் எடுப்பதில்லை. குடும்ப மென்பொருள் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் தொடர்ந்து காசு கட்டிக்கொண்டிருந்தார். நான் திறப்பது குறைவு.

போன மாதம் ஒரு நாள் பின்னேரம் திறந்தேன். அண்ணையின் மகள் பட்டமளிப்பு விழாப் படங்களை ஏற்றியிருந்தாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒன்றில் கறுப்பு அங்கியோடு, கையில் கோப்பிக் கோப்பை, யாரோ பகிடி விட்டிருக்க வேண்டும், கண்ணை மூடிச் சிரிக்கிறாள். நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். மென்பொருள் தன் வழமைப்படி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கிற பதினாலு வயது முகத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டது: இவரும் "தங்கச்சி"யும் ஒருவரா?

முகங்களுக்குப் பெயர் போடும்போது அவளுக்கு நான் கொடுத்த பெயர் அதுதான், வெறும் "தங்கச்சி". அந்தப் பெயருக்குக் கீழே இப்போது வளர்ந்த முகம் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ தரம் இல்லை என்று அமத்திய ஆள் நான். அன்றைக்கு ஆம் என்று அமத்தினேன். அண்ணையின் போனிலும் அது விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அமத்தினேன். பார்க்கட்டும்.

அவர் அழைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. தட்டித் தடவித் தமிழ் கதைக்கிற பிள்ளை. அப்பாவின் சகோதரியை எங்கள் ஊரில் மாமி என்றுதான் கூப்பிடுவது.

"மாமி, சுகமா இருக்கிறீங்களா? என்ட கிராஜுவேஷன் படத்தில தங்கச்சி எண்டு பேர் வந்திருக்கு. எனக்குத் தங்கச்சி இல்லைத்தானே. அதை அமத்த ஒரு பிள்ளை வருது, வெள்ளைச் சட்டை போட்டு. அப்பிடியே நான் மாதிரி. எனக்குப் பயமாப் போச்சு. அப்பாட்டைக் கேட்டன். அவர் பாத்துப்போட்டு, ஆரெண்டு தெரியாது எண்டு சொன்னவர். உங்களுக்குத் தெரியுமா மாமி?"

அவர் அழித்தது பன்னிரண்டு படம் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவை இரண்டாம் தரம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு பிள்ளைக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்? ஒரு கதிரையிலை இரு," என்றேன். "உனக்கு ரெண்டு மாமி."